பதினான்காம் வண்டியில் சப்பரம்

2068 மே 9. காலை 5.10. பணிமனை. ஈரவெப்பம் 29.

பணி தொடக்கம். மின்கலம் நிறைந்திருக்கிறது. ஸ்ட்ரெச்சர் பூட்டு சரி. சக்கரங்களில் பிடித்திருந்த உப்பைக் கழுவிவிட்டேன். ஆக்சிஜன் சிலிண்டர் முக்கால் பங்கு.

கையிருப்பு அடுக்கினேன். சலைன் பாட்டில் இரண்டு. ஐஸ் பேக் நான்கு. ஒன்று கசிகிறது, டேப் சுற்றியிருக்கிறேன். பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, ஊசி தேவைக்கு இருக்கின்றன. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் ஒரு கைப்பிடி. எல்லாம் சேர்த்து ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டிக்குள் அடங்கிவிடும். வண்டியில் மூன்று பெரிய அறைகள் இருக்கின்றன. மூன்றும் காலி.

இந்தப் பக்கத்துக்குக் 'கூடுதல் குறிப்பு' என்று பெயர். பச்சை, சிவப்பு என்ற இரண்டு பொத்தான்களில் எதை அழுத்தினேன் என்பது மட்டுமே அலுவலகத்துக்குப் போகும். இங்கே எழுதுவது வண்டியின் நினைவகத்தில் கிடக்கும். வண்டியை உடைக்கும் நாளில் யாராவது படிக்கலாம்.

படிப்பவருக்கு: என் பெயர் ஜெனோவா. வயது இருபத்து நான்கு. தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் உப்பளங்களுக்கு இது ஒன்றே ஆம்புலன்ஸ். ஓட்டுநர் கிடையாது, தானாக ஓடும். மருத்துவர் கிடையாது. நான் இருக்கிறேன்.

காலை 6.40. மூன்றாம் வரப்பு. ஈரவெப்பம் 31.

காலைச் சுற்று. பாத்திகளில் எல்லோரும் இறங்கியிருக்கிறார்கள்.

ஈரவெப்பம் என்பது வெயிலையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் எண். முப்பத்து மூன்றைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். முப்பத்தைந்தில் வியர்வை காயாது, உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் உள்ளேயே வேகும். இது சட்டம் இல்லை, உடம்பு.

ஒவ்வொருவர் கையிலும் சூடு அளக்கும் பட்டி கட்டியிருக்கிறார்கள். பட்டி சிவந்தால் அந்த ஆள் கரையேற வேண்டும். ஏறினால் அன்றைய சம்பளத்தில் பாதி இல்லை. இந்த இரண்டு விதியையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்க வேண்டும்.

வரப்பில் நட்டிருக்கும் அழைப்புக் கம்பத்திலிருந்து வந்த பேச்சு:

மாடத்தி: ஏ டாக்டரம்மா! ஐஸ் வச்சிருக்கியாட்டி?

நான்: டாக்டர்னு சொல்லாதீங்கக்கா. கேஸ் போட்ருவாவ.

மாடத்தி: அப்பம் ஐஸ்காரின்னு கூப்பிடுதேன். சேமியா ஐஸ் இருக்கா, பால் ஐஸ் இருக்கா?

நான்: நாலு பேக் இருக்கு. அதுல ஒண்ணு ஒழுகுது.

மாடத்தி: அது ஐஸ் இல்லட்டி, உன் மூக்கு.

நான்: ஒங்க பட்டி என்ன நிறத்துல இருக்கு?

மாடத்தி: பச்சப் பசேல்னு இருக்கு. ஈரத்துணியச் சுத்தி வச்சிருக்கேம்லா.

நான்: அக்கா, அத அவுத்து எறிங்க. நெஜச் சூடு தெரியாது.

மாடத்தி: தெரிஞ்சா லாரிக்கு யாரு வாரிப் போடுவா, நீயா? ஒம்பது மணிக்கு லாரி வருது. அம்பாரம் ஏத்திட்டுக் கரையேறிருவேன்.

நான்: விழுந்தீங்கன்னா?

மாடத்தி: விழுந்தா நீ வருவல்லா. விருந்தாடி வாரவ வெறுங்கையோட வராத, அவ்ளோதான்.

மாடத்திக்கு நாற்பது வயது இருக்கலாம். போன வருடம் ஒரு முறை மயங்கி விழுந்தார். இரண்டு பாட்டில் ஏற்றி, ஐஸ் வைத்து எழுப்பினேன். எழுந்ததும் என் பேரைக் கேட்கவில்லை, லாரி போய்விட்டதா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் பழக்கம்.

எல்லாம் சரி என்று திரையில் பச்சையை அழுத்திவிட்டு வந்தேன். அழுத்தியிருக்கக் கூடாது.

காலை 7.55. பணிமனை.

இன்று காப்பீட்டு நிறுவனத்தின் பரிசோதனை. பணிமனையில் எல்லோரும் சப்பரம் வருது, சப்பரம் வருது என்று சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

சப்பரம் என்னவென்று எழுதிவைக்கிறேன். எங்களிடம் மூன்று வண்டிகள்; உப்பளத்துக்கு என் 14, மற்ற இரண்டும் ஊருக்குள். மூன்றிலும் மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் முழுக் கையிருப்பு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எங்களிடம் இருக்கும் முழுக் கையிருப்பு ஒன்றே ஒன்று. மூன்று வெள்ளைப் பெட்டிகள், பச்சை முத்திரையோடு. பரிசோதனை நாளில் அது முதலில் 12-ஆம் வண்டியில் ஏறும். பரிசோதனைக் கண் என்று ஒரு பறக்கும் கருவி வந்து முத்திரையைப் பார்க்கும், அறையின் எடையைப் படிக்கும், போகும். பெட்டிகள் இறங்கி 13-இல் ஏறும். பிறகு 14. சாமி ஒன்று, தெரு மூன்று. அதனால் அந்தப் பேர்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் வாய் ஊறும். குளிரூட்டிய சலைன், ஐஸ் பேக் இரண்டு டஜன், உடம்பை மொத்தமாகச் சுற்றும் குளிர்விரிப்பு, வலிப்புக்கு ஊசி. பரிசோதனை முடிந்ததும் கிடங்கின் குளிர்அறைக்குள் போய்விடும். யாருக்கும் தருவதில்லை. தந்தால் குறையும், குறைந்தால் சிவப்பு, சிவப்பென்றால் ஒப்பந்தம் போய்விடும். மருந்து இருக்க வேண்டும். கொடுக்கப்படக் கூடாது. இந்த நாட்டில் நிறைய விஷயங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

சப்பரம் ஏறும்போது என் நீலத் தொட்டியை இறக்கியாக வேண்டும். அறையில் எடை கூடினாலும் கண் சிவப்பு என்று எழுதும். தொட்டியைக் கிடங்கு வாசலில் வைத்தேன்.

12-உம் 13-உம் முடிந்து வந்ததும், கிடங்குக்காரர் பொன்செல்வன் அண்ணாச்சி பெட்டிகளைத் தானே தூக்கி என் வண்டியில் ஏற்றினார். எப்போதும் அவர்தான் தூக்குவார், எங்களைத் தொடவிட மாட்டார். வாக்கி-டாக்கியில் அவர் பேசியது:

பொன்செல்வன்: பதினாலு, சாமி ஏறியாச்சு. முத்திரையில கை படாமப் பாத்துக்கம்மா. சிப்பு வச்சிருக்கான். கண்ணு வந்து பாக்குறதுக்கு முன்னாடி உடைஞ்சா திருட்டுன்னு எழுதி வண்டியவே பூட்டிருவான்.

நான்: ஒரு ஐஸ் பேக் மட்டும் எடுத்துக்கிடட்டா அண்ணாச்சி? சாமிக்குக் குளிரவா போவுது?

பொன்செல்வன்: வெளையாடாத பிள்ள.

நான்: அண்ணாச்சிக்குத்தான் அம்புட்டு பக்தி.

அவர் சிரிக்கவில்லை.

காலை 9.05. பரிசோதனைத் திடல். ஈரவெப்பம் 33.

12 முடிந்தது. 13 முடிந்தது. என் முறை. கண் வரவில்லை. சூடு அதிகமானதால் அதைக் குளிரவைக்க நிறுத்தியிருக்கிறார்களாம். இயந்திரத்துக்கு ஓய்வு கிடைத்துவிட்டது.

சட்டப்படி உப்பளத்தில் வேலை நின்றிருக்க வேண்டும். திடலிலிருந்து பார்த்தால் வெள்ளைக்குள் சிறிய கறுப்புப் புள்ளிகள் அசைவது தெரிகிறது. நிற்கவில்லை.

காத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் மூன்று பெட்டி நிறைய உயிர். சாய்ந்து ஒரு பெட்டியில் கன்னத்தை வைத்தேன், குளிருமென்று. குளிரவில்லை. நல்ல காப்பு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 9.32. திடல். ஈரவெப்பம் 34.

அழைப்பு. மூன்றாம் வரப்பு. பதிவு:

லூர்தம்மாள்: ஆம்புலன்சு! ஆம்புலன்சு! மூணாம் வரப்பு, நான் லூர்து பேசுதேன். மாடத்தி விழுந்துட்டா. பேச்சு மூச்சு இல்ல. மேலு நெருப்பாட்டம் கொதிக்கி.

நான்: வேர்க்குதா?

லூர்தம்மாள்: இல்லம்மா, காஞ்சு கெடக்கு. கண்ணு மேல சொருகுது.

நான்: பட்டி?

லூர்தம்மாள்: பச்சையாத்தான இருக்கு! ஈரத்துணி சுத்தியிருக்கா, பாவி.

நான்: நிழலுக்கு இழுங்க. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க. வாரேன்.

கட்டுப்பாட்டு அறை: வண்டி பதினான்கு. உங்கள் பரிசோதனை நிலுவையில் உள்ளது. திடலை விட்டு வெளியேறக் காரணம் தேர்வு செய்யவும்.

பட்டியலில் 'அழைப்பு' என்று ஒரு காரணம் இருந்தது. நல்லவேளை.

பொன்செல்வன்: ஜெனோவா, எங்கம்மா கெளம்புற?

நான்: மாடத்தியக்கா விழுந்துட்டாவ.

பொன்செல்வன்: சரி. பணிமனைக்கு வா. பெட்டிய எறக்கிட்டு உன் தொட்டிய எடுத்துட்டுப் போ.

நான்: அங்கன வந்துட்டுப் போனா கால்மணி நேரம் போயிரும்.

பொன்செல்வன்: பரவால்ல, வா.

நான்: எதுக்குப் பரவால்ல? ரெண்டு பாட்டில எடுக்கவா? முழுசா முதுகுக்குப் பின்னால இருக்கு அண்ணாச்சி!

பொன்செல்வன்: அத உடைக்காத.

நான்: உடைப்பேன்.

பொன்செல்வன்: வண்டி நின்னுரும்டி!

நான்: நிக்கட்டும். அங்கனயே வச்சுக் குளிர வச்சிருவேன். பெறவு பன்னெண்ட அனுப்புங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவட்டும்.

பொன்செல்வன்: சொன்னாக் கேளு பிள்ள. உன் தொட்டிய எடுத்துக்க. கையெடுத்துக் கும்பிடுதேன். தொட்டிய எடுத்துக்க.

நான்: ஒங்க சாமிய நீங்களே கும்பிடுங்க.

வாக்கியை அணைத்தேன். மூன்று வருடமாக இந்தப் பெட்டிகள் ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். மூன்று வருடமாக இந்த ஒரு நாளுக்குக் காத்திருந்தேன் என்றுகூடத் தோன்றியது. சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று. எழுதத்தான் வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலை 9.50. வரப்புச் சாலை. ஈரவெப்பம் 35.

இருபுறமும் பாத்தி. கண் கூசுகிறது. வண்டி தன் விருப்பத்துக்குத்தான் வேகமெடுக்கும், கெட்டவார்த்தை சொன்னால் வேகம் கூடுவதில்லை.

வரிசையை மனதுக்குள் ஓட்டிக்கொள்கிறேன். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ். விரிப்பால் சுற்ற வேண்டும். இரண்டு கையிலும் ஊசி, இரண்டு பாட்டில் ஒரே நேரத்தில். அரைமணி நேரத்துக்குள் நாற்பதுக்குக் கீழே இறக்கிவிட்டால் மூளை தப்பும்.

லாரி எதிரே வந்தது. உப்பு நிறைந்திருந்தது. வழிவிட வண்டி ஒதுங்கி நின்றது. லாரிக்குத்தான் முன்னுரிமை என்று வண்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காலை 9.58. மூன்றாம் வரப்பு.

மாடத்தி உள்ளே. லூர்தம்மாளும் வேறு இரண்டு பெண்களும் தூக்கிவந்தார்கள். உடம்புச் சூடு 41.9. நாடி ஓடுகிறது, எண்ண முடியவில்லை. கூப்பிட்டால் முனகுகிறார்.

முதல் பெட்டியின் முத்திரையை உடைத்தேன். வண்டி நின்றது. அண்ணாச்சி சொன்னபடியே. குளிர்சாதனமும் சேர்ந்து நின்றது. கதவுகளைத் திறந்துவிட்டேன்.

கட்டுப்பாட்டு அறை: வண்டி பதினான்கு. அனுமதியற்ற திறப்பு. வண்டி முடக்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.

பெட்டிக்குள் சலைன் பைகள் இல்லை.

பிளாஸ்டிக் பைகள் இருக்கின்றன. வரிசையாக, ஒழுங்காக, ஒவ்வொன்றின் வாயையும் நூலால் கட்டி. உள்ளே

உப்பு.

இரண்டாவது பெட்டி. உப்பு. மூன்றாவது. உப்பு. அடிவரை கை விட்டுப் பார்த்துவிட்டேன். கல்லுப்பு. எடை சரியாக இருக்க வேண்டுமென்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். யாரோ பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்.

காலை 10.15.

கையில் இருப்பது: என் சட்டைப்பையில் இருந்த கத்தரிக்கோல். ஆக்சிஜன். போட்டேன். வேறு எதுவும் இல்லை. ஒரு ஊசிகூட இல்லை, எல்லாம் தொட்டியில்.

பெண்கள் குடிதண்ணீர் டிரம்மை உருட்டி வந்தார்கள். தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது. அதையே ஊற்றுகிறோம், சேலைத் தலைப்பால் விசிறுகிறோம். இந்த ஈரத்தில் விசிறுவது அடுப்பை ஊதுவது போலத்தான். தெரிந்தும் விசிறுகிறோம்.

41.9 இறங்கவில்லை. 42.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார்களே, உப்பும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து கொடு என்று. இங்கே உப்பு கடல் மாதிரி கிடக்கிறது. விழுங்கத் தெரியாத தொண்டையில் எதை ஊற்றுவது.

மாடத்தி ஒரு முறை கண் திறந்தார். வண்டியின் ஒலிப்பதிவில் இருக்கிறது:

மாடத்தி: லாரி போயிட்டா?

நான்: போயிட்டுக்கா. எல்லாம் ஏத்தியாச்சு.

மாடத்தி: முழுசாவா?

நான்: முழுசாத்தான்.

நான் வெறுங்கையோடு வந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

காலை 10.31.

வலிப்பு வந்து நின்றது. வாக்கியைத் திரும்பப் போட்டேன். பொன்செல்வன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பொன்செல்வன்: ஜெனோவா! கேக்குதா? பன்னெண்டுல வாரேன், நானே வாரேன். உன் தொட்டிய எடுத்துட்டு வாரேன். ஐஸ் வச்சிருக்கேன். எப்படி இருக்கா?

நான்: உப்பு.

பொன்செல்வன்: இந்தா வந்துட்டேம்மா.

நான்: அண்ணாச்சி, உள்ள உப்பு இருக்கு.

பொன்செல்வன்: தெரியும்மா.

நான்: எப்பத்துலேர்ந்து?

பொன்செல்வன்: நீ வேலைக்கு வாரதுக்கு முன்னாடியே. மருந்தெல்லாம் நாள் தாண்டிப் போச்சு. எழுதிக் கேட்டேன். மறுக்கா எழுதுனேன். பெட்டி பச்சையாத்தான இருக்கு, எதுக்கு மாத்தணும்னு பதில் வந்துச்சு. பையெல்லாம் ஒழுகி எடை குறைஞ்சுபோச்சு. சிவப்பாயிட்டா மூணு வண்டியும் போயிரும்லா. நான்தான் கட்டி வச்சேன்.

நான்: திடல்ல வச்சுச் சொல்லியிருக்கலாம்லா! உப்புன்னு ஒரு வார்த்த!

பொன்செல்வன்: வாக்கிய ஆபீஸ்ல கேக்கான். பதிவு பண்ணுதான். எப்படிம்மா சொல்லுவேன்? தொட்டிய எடுத்துக்கன்னு எத்தன தடவ சொன்னேன்?

நான்: இப்பம் மட்டும் கேக்கலியா அவன்?

பொன்செல்வன்: கேக்கட்டும்மா. இப்பம் கேக்கட்டும்.

இந்த இடத்தில் ஒன்றை எழுதிவிடுகிறேன். திடலிலிருந்து பணிமனைக்குப் போய்த் தொட்டியை எடுத்திருந்தால் பத்தேகாலுக்குள் இங்கே வந்திருப்பேன். வண்டி பூட்டியிருக்காது. குளிர்சாதனம் ஓடியிருக்கும். இரண்டு பாட்டில், நான்கு ஐஸ் பேக். போன வருடம் அவரை எழுப்பியதும் அந்த அளவுதான். போதுமாக இருந்தது.

உண்மையான கொஞ்சத்தை வாசலில் வைத்துவிட்டுப் பொய்யான நிறையோடு வந்தேன்.

காலை 10.52.

12-ஆம் வண்டி வந்தது. பொன்செல்வன் தொட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்தபடி வரப்பில் ஓடிவந்தார். வழுக்கி விழுந்து, தொட்டியைக் கவிழவிடாமல் எழுந்து மறுபடி ஓடிவந்தார்.

மாடத்தி இறந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

லூர்தம்மாள் அவர் கையிலிருந்த ஈரத்துணியை அவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் பட்டி மஞ்சளாகி, சிவந்தது. சூட்டில் கிடக்கும் எந்தப் பொருளில் கட்டினாலும் சிவக்கும்.

தொட்டியில் ஐஸ் பேக்குகள் இன்னும் கெட்டியாக இருந்தன. பொன்செல்வன் ஒன்றை எடுத்து மாடத்தியின் கழுத்தில் வைத்தார்.

மாலை 5.40. பணிமனை.

அலுவலகம் இரண்டு செய்தி அனுப்பியிருக்கிறது. படிப்பவருக்காக அப்படியே தருகிறேன்.

அலுவலகம்: பணியாளர் தன் சூட்டுப்பட்டியை ஈரத்துணியால் மறைத்தது மரணத்துக்குக் காரணம் எனப் பதிவு செய்யப்பட்டது. குடும்பத்துக்கு ஆழ்ந்த இரங்கல்.

அலுவலகம்: உதவியாளர் ஜெனோவா முத்திரையிட்ட கையிருப்பை அனுமதியின்றித் திறந்து சேதப்படுத்தியதாகப் பதிவு செய்யப்பட்டது. பணிநீக்கம் மே 15 முதல். புதிய உதவியாளர் அன்று பொறுப்பேற்பார். வண்டி 14-இன் முடக்கம் நீக்கப்பட்டது; மறுபரிசோதனை நாளை காலை. கையிருப்பு முழுமையாக இல்லையெனில் உப்பளச் சேவை மறு அறிவிப்பு வரை நிறுத்தப்படும்.

உப்பு என்ற வார்த்தை எதிலும் இல்லை. பொன்செல்வன் வாக்கியில் சொன்னதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, நாளை முழுமையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். புது மருந்து அனுப்பவில்லை. புது முத்திரை அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பொட்டலம் நிறைய. பச்சை.

லூர்தம்மாள் பணிமனைத் தொலைபேசியில் பேசினார். நாளைக்கும் வேலை உண்டாம். லாரி ஆறு மணிக்கே வருகிறதாம்.

லூர்தம்மாள்: நீ நாளைக்கு இருப்பல்லா பிள்ள?

நான்: தெரியலக்கா.

லூர்தம்மாள்: இரும்மா. நீ வெறும் ஆளா வந்தாலும் வா. வண்டின்னு ஒண்ணு வந்து நிக்கணும்லா.

மே 10. காலை 5.20. பணிமனை. ஈரவெப்பம் 31.

கையிருப்பு அடுக்கினேன்.

இந்த முறை பைகளைக் கட்டியது நான்தான், பொன்செல்வன் இல்லை. அவர் கை நூலைப் பிடிக்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. பைகளை வாங்கி நானே நிரப்பினேன். நேற்று வரப்பில் கொட்டியதை ஈடுகட்ட, மூன்றாம் வரப்பு அம்பாரத்திலிருந்து ஒரு சாக்கு வந்திருந்தது. அது யார் வாரிய உப்பு என்று நான் கேட்கவில்லை.

ஏன் கட்டினாய் என்று படிப்பவர் கேட்கலாம். நேற்று இரவு முழுக்க நானும் என்னைக் கேட்டேன். திறந்த பெட்டிகளோடு கண்ணுக்கு முன்னால் நிற்கலாம். நின்றால் நான் நல்லவள். எட்டு மணிக்கு வண்டி போய்விடும். பத்து மணிக்கு யாராவது விழுவார்கள். நல்லவளாக இருக்கும் வசதி எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பொய்யைச் செய்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் குறையவில்லை, அவர்களில் இப்போது நானும் ஒரு ஆள்.

ஆனால் இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன்.

ஒன்று: நீலத் தொட்டியை இறக்கவில்லை. உதவியாளர் இருக்கையின் பஞ்சை வெட்டி எடுத்துவிட்டு அடியில் வைத்திருக்கிறேன். அங்கே எடை படிக்கும் கருவி இல்லை. மேலே என் சேலைத் துண்டு ஒன்றை விரித்திருக்கிறேன். உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இரண்டு: ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் போட்டிருக்கிறேன். உப்பைக் கொட்டினால் கிடைக்கும். 'இது உப்பு. இருக்கையின் அடியில் பார். நேரத்தை வீணாக்காதே' என்று.

பதினைந்தாம் தேதி வரும் புது ஆளுக்கு: இந்தப் பக்கத்தை நீங்கள் திறக்காமலே போகலாம். அதனால் உங்களை நேரில் பார்த்தும் சொல்லப் போகிறேன், வாசலில் நின்று, வாக்கி இல்லாமல். பெட்டியை நம்பாதீர்கள். யார் சொன்னாலும் தொட்டியை இறக்காதீர்கள்.

காலை 8.15. திடல். ஈரவெப்பம் 33.

கண் வந்தது. முத்திரையைப் பார்த்தது. எடையைப் படித்தது. என் முகத்தையும் ஒரு நொடி பார்த்தது.

கட்டுப்பாட்டு அறை: வண்டி பதினான்கு. கையிருப்பு முழுமை. உங்கள் சேவைக்கு நன்றி.

பொன்செல்வன் பணிமனை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

காலை 9.20. ஈரவெப்பம் 35.

அழைப்பு. ஐந்தாம் வரப்பு. அழைப்புக் கம்பத்தில் லூர்தம்மாள்.

லூர்தம்மாள்: அந்தோணி விழுந்துட்டான். அவனத் தூக்கப் போன பயலும் விழுந்துட்டான்.

நான்: வாரேன். தண்ணி ஊத்துங்க. வெறுங்கையோட வரல, கேக்குதா? இருக்கு. வச்சிருக்கேன்.

வண்டி கிளம்பிவிட்டது. இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். பாட்டில் இரண்டு. ஐஸ் நான்கு, ஒன்று கசிகிறது. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பாட்டில், இரண்டு ஐஸ். கணக்கு வருகிறது. வருகிறது மாடத்தியக்கா.

எதிரே லாரி. ஒதுங்கி நிற்கிறோம்.

மறுபடி லூர்தம்மாளின் குரல். மூன்றாவதாக ஒரு பெண்ணும் விழுந்திருக்கிறாள். இல்லை, நான்கு பேராம். யார் என்று கேட்டேன், பேர் சொல்கிறார், சரியாகக் கேட்கவில்லை. இரண்டு பாட்டிலை யாருக்கு